கிரேட்ஃபுல் டெட் கச்சேரிப் பதிவுகள்: நல்ல நகலைத் தேர்ந்து, சரிபார்த்து, சேமிக்கும் முறை

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு 1965 முதல் 1995 வரை மேடையேறியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தக் கச்சேரிகளில் மிகப் பலவற்றை ரசிகர்கள் தாங்களே ஒலிப்பதிவு செய்து, காசு வாங்காமல் ஒருவருக்கொருவர் நகலெடுத்துக் கொடுத்துப் பரப்பியிருக்கிறார்கள். ஆகவே ஒரு கச்சேரியின் பதிவு கிடைக்குமா என்ற கவலை பெரும்பாலும் எழுவதில்லை. ஒரே இரவின் கச்சேரிக்குப் பத்துப் பன்னிரண்டு நகல்கள் வரிசையாக நிற்கும்போது எதை எடுப்பது, எடுத்தது முழுமையானதா, பழுதில்லாததா என்று எப்படி அறிவது என்பதில்தான் புதியவர் திணறிப்போகிறார். நானும் அப்படித்தான் திணறினேன். தேவையான தகவல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன; தமிழில் எதுவும் என் கண்ணில் படவில்லை. இனி வருபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

படிகளுக்குள் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பதிவுடனும் ஒரு சிறிய உரைக்கோப்பு வரும். புதியவர்கள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரு பதிவு நல்லதா இல்லையா என்பதைத் தலைப்பையோ நட்சத்திர மதிப்பெண்ணையோ விட அந்த உரைக்கோப்புதான் சரியாகச் சொல்லும். கீழே உள்ள படிகளில் பாதி, அதைப் படிக்கக் கற்றுக்கொள்வதைப் பற்றியவையே.

1. எது அனுமதி, எது அனுமதி இல்லை

ரசிகர்கள் பதிவு செய்வதையும் வணிக நோக்கமின்றிப் பகிர்ந்துகொள்வதையும் குழு அனுமதித்தது. 1984 அக்டோபரில் பெர்க்லி நகரக் கச்சேரிகளிலிருந்து, பதிவு செய்வோருக்கென அரங்கில் தனிப் பகுதியும் தனி நுழைவுச்சீட்டும் ஏற்பட்டன. அந்த அனுமதியின் அடிப்படை நிபந்தனை, யாரும் இதில் காசு பார்க்கக் கூடாது என்பதுதான். ஆகவே இந்தப் பதிவுகளைக் குறுவட்டிலோ பென் டிரைவிலோ ஏற்றி விலைக்குத் தருவதாக யாராவது சொன்னால் வாங்காதீர்கள். அது குழு வைத்த நிபந்தனையை மீறுவது மட்டுமல்ல, அப்படி விற்கப்படுபவை எந்த நகலிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை அறியவும் வழியிருக்காது.

அதிகாரப்பூர்வமாக வெளியான கச்சேரிகளை விலை கொடுத்தே வாங்க வேண்டும். 1972 ஐரோப்பியப் பயணத்தின் கச்சேரிகள் அனைத்தும் 2011இல் வெளிவந்துவிட்டன. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் அரங்கில் நடந்த கச்சேரி, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டிலேயே இடம்பெற்றது. அது 2017இல் வெளியானது. நீங்கள் தேடும் கச்சேரி இப்படி வெளிவந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். வெளிவந்திருந்தால் பெரும்பாலும் நல்ல ஒலித்தரத்துடன் அதுவே கிடைக்கும், உழைப்பும் மிச்சம்.

2. எங்கே தேடுவது, தேதியை எப்படிப் படிப்பது

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தின் நேரடி இசைத் தொகுப்பில் இக்குழுவுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. உறுப்பினர் கட்டணம் எதுவும் இல்லை. புழக்கத்தில் உள்ள நகல்களுக்கு எண் கொடுத்துப் பட்டியலிடும் ஈட்ரீ தரவுத்தளத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கச்சேரிக்கு எத்தனை நகல்கள் உண்டு என்பதை அங்கே ஒரே பார்வையில் காணலாம்.

இங்கே நம்மவர்களுக்கென்றே ஒரு பொறி உண்டு. ரசிகர்கள் எழுதும் தேதிகள் அமெரிக்க முறையில் மாதத்தை முன்னே வைத்து எழுதப்படுபவை. 5/8/77 என்றால் மே 8, ஆகஸ்ட் 5 அல்ல. கோப்புறைப் பெயர்களில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே குழுவின் சுருக்கம், ஆண்டு, மாதம், நாள், பதிவின் வகை, டிஜிட்டலுக்கு மாற்றியவரின் பெயர், ஈட்ரீ எண், கோப்பு வடிவம் என்ற வரிசையே பெரும்பாலும் இருக்கும். இந்த வரிசை பழகிவிட்டால் பக்கத்தைத் திறக்காமலேயே பாதி விவரம் தெரிந்துவிடும்.

3. பதிவின் வகை

சவுண்ட்போர்டு என்பது அரங்கின் ஒலிக்கலவை மேசையிலிருந்து நேரடியாகக் கம்பி இழுத்து எடுத்த பதிவு. ஆடியன்ஸ் என்பது பார்வையாளர் நடுவே மைக் வைத்து எடுத்தது. இரண்டையும் பின்னர் ஒத்திசைத்துக் கலந்தால் அது மேட்ரிக்ஸ்.

சவுண்ட்போர்டு என்றாலே உயர்ந்தது என்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கலவை மேசையிலிருந்து வருவது அரங்கத்து ஒலிபெருக்கிகளுக்காகத் தயாரான கலவை. சிறிய அரங்கில் கிதார் ஆம்ப்பின் ஒலி மேடையிலிருந்தே போதுமான அளவு கேட்டுவிடும் என்பதால் மேசையில் அதைக் குறைத்தே வைத்திருப்பார்கள்; பதிவில் குரல் மட்டும் துருத்திக்கொண்டு, கிதார் எங்கோ தொலைவில் கேட்கும். அரங்கின் எதிரொலியும் கூட்டத்தின் ஆரவாரமும் இல்லாததால் ஒலி வறண்டும் இருக்கும். குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் எடுத்த 1977, 1978 பதிவுகள் இன்றும் கொண்டாடப்படுவதற்குக் காரணம், அரங்கக் கலவையை அப்படியே பிடிக்காமல் ஒலிநாடாவுக்கென்று அவர் தனியே கலந்ததுதான்.

நல்ல மைக், நல்ல இடம், தேர்ந்த கை மூன்றும் சேர்ந்த ஆடியன்ஸ் பதிவு, நாம் அரங்கினுள்ளேயே உட்கார்ந்திருக்கும் உணர்வைத் தருவதைக் கேட்டவர்கள் அறிவார்கள். 1984க்குப் பிறகு பதிவாளர் பகுதி கலவை மேசைக்குப் பின்னால் ஒதுக்கப்பட்டது. மேசைக்கு முன்னாலிருந்து எடுத்தவற்றை எஃப்ஓபி (ஃப்ரண்ட் ஆஃப் போர்டு) என்று குறிப்பார்கள். மைக் மேடைக்கு நெருங்க நெருங்க இசை கூடி, அரங்கின் எதிரொலியும் பேச்சுச் சத்தமும் குறையும் என்பதால், அந்த மூன்றெழுத்தைக் கண்டால் நின்று கவனியுங்கள்.

வகையைத் தெரிந்துகொள்வதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. 2005 நவம்பரிலிருந்து ஆர்க்கைவ் தளத்தில் இக்குழுவின் சவுண்ட்போர்டு பதிவுகளைத் தளத்திலேயே கேட்க மட்டும்தான் முடியும், பதிவிறக்க முடியாது. ஆடியன்ஸ் பதிவுகளைப் பதிவிறக்கலாம். பதிவிறக்கப் பொத்தான் காணவில்லை என்று கணினியையும் உலாவியையும் நோண்டி நேரத்தை வீணாக்காதீர்கள். கேட்டால் போதும் என்பவர்களுக்கு ரீலிஸன் என்ற இலவசச் செயலி இந்தத் தொகுப்பைக் கைபேசியிலேயே ஆண்டுவாரியாகக் காட்டும்.

4. உரைக்கோப்பைப் படித்தல்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இதுதான். உரைக்கோப்பில் கச்சேரியின் இடமும் தேதியும், பாடல் வரிசையும், பதிவின் வம்சாவளியும் இருக்கும். வம்சாவளி வரி எப்படி இருக்கும் என்பதற்கு நானே அமைத்த மாதிரி ஒன்றைத் தருகிறேன்:

நாகமிச்சி 700 கார்டியாய்டு மைக் இரண்டு, எஃப்ஓபி > சோனி டிசி-டி5எம், மாஸ்டர் கேசட், டால்பி இல்லை > நாகமிச்சி டிராகன் > அனலாக்-டிஜிட்டல் மாற்றி > வேவ் > ஃபிளாக்

ஒவ்வொரு அம்புக்குறியும் ஒலி ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய இடம். மாதிரி வரியில் மைக்கிலிருந்து கேசட்டுக்கு ஒரு முறைதான் அனலாக்கில் பதிவாகியிருக்கிறது; அந்த மூலக் கேசட்டையே நல்ல டெக்கில் ஓட்டி டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். வேவ் என்பது சுருக்காத ஒலிக்கோப்பு, ஃபிளாக் அதையே இழப்பின்றிச் சுருக்கிய கோப்பு. இதைவிடச் சிறந்த ஆடியன்ஸ் வம்சாவளியை எதிர்பார்க்க முடியாது. அதே வரியில் மாஸ்டர் கேசட்டுக்குப் பிறகு கேசட் > கேசட் > கேசட் என்று வந்தால் அது மூன்றாம் தலைமுறை. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகலெடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும், சிம்பல் போன்ற உச்ச ஒலிகள் மங்கும், வேக நடுக்கம் சேரும். டிஜிட்டலான பிறகு எடுக்கும் நகல்களால் முறையாகச் செய்தால் இழப்பில்லை. ஆனால் நடுவில் எம்பி3 அல்லது மினிடிஸ்க் என்ற சொல் தென்பட்டால் ஒலியின் ஒரு பகுதி நிரந்தரமாகப் போய்விட்டது என்று பொருள். கடைசியில் ஃபிளாக் என்று இருப்பதால் அது திரும்பி வந்துவிடாது.

டால்பி என்பது கேசட்டின் இரைச்சலைக் குறைக்கும் முறை; அதைப் பற்றிய குறிப்பையும் பாருங்கள். டால்பியோடு பதிந்ததை அது இல்லாமல் ஓட்டினால் ஒலி கூர்மையாகி இரையும். இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டு ஓட்டினால் போர்வை மூடியதுபோல மந்தமாகும். இரைச்சல் நீக்கப்பட்டது என்று பெருமையாகக் குறிப்பிட்டிருக்கும் நகல்களை எச்சரிக்கையோடு அணுகுங்கள். இரைச்சலோடு சேர்த்து சிம்பலின் பளபளப்பையும் கழுவிவிட்ட நகல்களை நிறையக் கேட்டிருக்கிறேன். கை வைக்காத, சற்றே இரையும் நகலைத்தான் நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன். காது சில நிமிடங்களில் இரைச்சலை மறந்துவிடும்.

அடுத்தது பாடல் வரிசை. இங்கே வரும் அம்புக்குறிக்கு வேறு பொருள்: ஒரு பாடல் நிற்காமல் அடுத்ததற்குள் போய்விட்டது என்பதை அது காட்டும். இரட்டைச் சாய்கோடு இருந்தால் அந்த இடத்தில் பதிவு அறுபட்டிருக்கிறது. தொண்ணூறு நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் 45 நிமிடந்தான் கொள்ளும், இடைவேளைக்குப் பின் வரும் கச்சேரியின் இரண்டாம் பகுதியோ அதைவிட நீளமாகப் போகும். ஆகவே எங்காவது ஒரு பாடலின் நடுவே கேசட்டைத் திருப்பிப் போட நேர்ந்தது. அந்த இடைவெளியை வேறொருவரின் பதிவிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தால், எந்த நகலிலிருந்து, எந்த நிமிடத்தில் என்று நேர்மையான உரைக்கோப்பு சொல்லும். அதைச் சொல்லாத உரைக்கோப்பை நான் நம்புவதில்லை.

வம்சாவளியே இல்லாத பதிவுகளும் உண்டு. மூலம் தெரியாது என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் கேட்டுப் பார்த்து முடிவெடுங்கள். உரைக்கோப்பே இல்லையென்றால், வேறு நகல் எதுவும் இல்லாத கச்சேரியாக இருந்தாலன்றி விட்டுவிடுங்கள்.

5. கேட்டுப் பார்த்தல்

உரைக்கோப்பை வைத்து இரண்டு மூன்று நகல்களாகச் சுருக்கிய பிறகு, தளத்திலேயே ஒரே பாடலை ஒவ்வொன்றிலும் கேளுங்கள். கச்சேரியின் முதல் பாடலை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பதிவாளர் அப்போதுதான் ஒலி அளவைச் சரிசெய்துகொண்டிருப்பார், கலவை மேசையில் இருப்பவரும் அரங்கைக் கணித்துக்கொண்டிருப்பார். இரண்டாம் பகுதியின் நடுவிலிருந்து ஒரு நீண்ட பாடலை எடுத்துக்கொண்டு, பாஸ் கிதாரின் சுரங்கள் தனித்தனியாகக் கேட்கின்றனவா, கைத்தட்டலின்போது ஒலி பிசிறுகிறதா, மைக் அருகே யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்களா, இடவலச் சமநிலை சரிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். இதைக் காதை மூடும் ஹெட்ஃபோனில் கேட்பது நல்லது. கைபேசியின் ஒலிபெருக்கியில் எல்லா நகலும் ஒன்றுபோலவே இருக்கும்.

6. பதிவிறக்கம்

ஆர்க்கைவ் பக்கத்தில் ஒரே பதிவு பல வடிவங்களில் இருக்கும். பதிவேற்றியவர் தந்த மூலக் கோப்புகள் ஃபிளாக் அல்லது அதைப்போலவே இழப்பின்றிச் சுருக்கும் பழைய ஷார்ட்டன் வடிவில் இருக்கும். ஒலியில் இழப்போடு சுருக்கும் எம்பி3யும் ஆக் வோர்பிஸும் தளம் தானாக உருவாக்கியவை. சேமித்து வைக்க மூலக் கோப்புகளையே எடுங்கள். எல்லாக் கோப்புகளையும் காட்டும் பட்டியலைத் திறந்து, உரைக்கோப்பையும் சரிபார்ப்புக் கோப்புகளையும் சேர்த்தே இறக்குங்கள். பாடல்களை மட்டும் எடுத்துவிட்டால் பிறகு அவை எந்த நகலைச் சேர்ந்தவை என்பதே தெரியாமல் போய்விடும்.

அளவைக் கணக்கிட ஒரு எளிய வழி: 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் சுருக்காத ஸ்டீரியோ ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. ஃபிளாக் அதை ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கும் என்பதால் மூன்று மணி நேரக் கச்சேரி சுமார் 1 ஜிபி வரும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் சுருக்காத நிலையில் 6 ஜிபியைத் தாண்டும். ஃபிளாக்கிலும் 3 முதல் 4 ஜிபி இருக்கும். கேசட்டிலிருந்து வந்த பழைய பதிவுகளில் இவ்வளவு இடத்தைச் செலவிடுமளவுக்கு வித்தியாசத்தை நான் கேட்டதில்லை. இடமும் டேட்டாவும் இறுக்கமாக இருப்பவர்கள் 16 பிட் நகலையே தயங்காமல் எடுக்கலாம். நொடிக்கு 1 எம்பி கிடைத்தால் 1 ஜிபி இறங்கப் பதினேழு நிமிடங்கள் ஆகும். தளத்தின் வேகம் பல நேரங்களில் நம் இணைப்பின் வேகத்தைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதால், இரவில் வரிசையில் போட்டுவிட்டு உறங்கப் போவது உத்தமம்.

7. சரிபார்த்தல்

இறக்கியவுடன், கோப்பின் பெயரைக்கூட மாற்றாமல், இந்தப் படியைச் செய்யுங்கள். எம்டி5 என்பது முழுக் கோப்புக்கான கைரேகை. எஃப்எஃப்பி என்பது ஃபிளாக் கோப்பினுள் இருக்கும் ஒலிக்கு மட்டுமான கைரேகை. பாடலின் பெயரையோ ஆண்டையோ கோப்பினுள் சேர்த்தால் எம்டி5 மாறிவிடும், எஃப்எஃப்பி மாறாது. அப்படிச் சேர்த்த பிறகு எம்டி5 சரிபார்த்து, பொருந்தவில்லையே என்று நல்ல கோப்புகளை அழித்தவர்கள் பலர்.

விண்டோஸில் டிரேடர்ஸ் லிட்டில் ஹெல்ப்பர், மேக்கில் எக்ஸ்ஆக்ட் ஆகிய இலவச மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. எஃப்எஃப்பி பொருந்துகிறது என்பது மட்டும் போதாது. அந்த எண் கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதப்பட்டிருப்பது. உள்ளே ஒலி பாதியில் அறுந்திருந்தாலும் தலைப்பகுதி அப்படியே இருக்கலாம். ஆகவே கோப்பை முழுதும் பிரித்துச் சோதிக்கும் தெரிவையும் இயக்குங்கள். ஒரு கச்சேரிக்கு ஓரிரு நிமிடங்களே ஆகும்.

எம்பி3யிலிருந்து ஃபிளாக்குக்கு மாற்றிய போலி நகலோ என்ற ஐயம் எழுந்தால் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் அலைவரிசைப் படத்தைப் பாருங்கள். பல எம்பி3களில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு அருகே கத்தியால் வெட்டிய கோடு தெரியும். ஆனால் வெட்டுக் கோடு தெரிவதாலேயே போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பண்பலை வானொலியிலிருந்து பிடித்த பதிவுகளில் இயல்பாகவே 15 கிலோஹெர்ட்ஸோடு இசை நின்றுவிடும். 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய நேர்கோடும் தெரியலாம், அது ஸ்டீரியோ ஒலிபரப்பின் வழிகாட்டு அலை. பழைய கேசட்டுகளிலோ உச்ச ஒலிகள் வெட்டுப்படாமல் படிப்படியாக மங்கும். படத்தையும் வம்சாவளி வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

8. வேகத்தைச் சரிபார்த்தல்

கேசட் இயந்திரங்கள் சற்றே வேகமாகவோ மெதுவாகவோ ஓடும். மின்கலம் தளர்ந்த நிலையில் பதிவானால், இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது இசை வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும் கேட்கும். ஏறக்குறைய 6 விழுக்காடு வேகம் கூடினால் ஒரு அரைச்சுரம் முழுதாக உயர்ந்துவிடும். பழகிய குரல் மெலிந்து கேட்டால் இதைச் சந்தேகியுங்கள்.

சவுண்ட்போர்டு பதிவுகளில் பாடல்களுக்கு இடையே வரும் மின்சார முனகல் இங்கே கைகொடுக்கும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்தப் பகுதியின் அலைவரிசையைப் பார்க்கும்போது முனகல் 61.2 ஹெர்ட்ஸில் இருந்தால் நாடா 2 விழுக்காடு வேகமாக ஓடியிருக்கிறது. ஐரோப்பியக் கச்சேரி என்றால் 50 ஹெர்ட்ஸை எதிர்பாருங்கள். ஆனால் முனகல் பிற்பாடு நகலெடுத்த இடத்திலும் நுழைந்திருக்கக்கூடும் என்பதால், பியானோ போன்ற விசைப்பலகை இசைக்கருவி தெளிவாக ஒலிக்கும் இடத்தில் சுருதி காட்டும் செயலி ஒன்றை வைத்து ஒருமுறை ஒத்துப் பாருங்கள். திருத்துவதாக இருந்தால் ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும் தெரிவையே பயன்படுத்த வேண்டும். சுருதியை மட்டும் அல்லது காலத்தை மட்டும் மாற்றும் தெரிவுகள் இங்கே பொருந்தா. நாடா வேகமாக ஓடியதில் இரண்டும் சேர்ந்தே மாறியிருக்கின்றன. திருத்தியதைத் தனிக் கோப்புறையில் வையுங்கள். மூலத்தில் கை வைக்க வேண்டாம்.

9. மாற்றுதல், பெயரிடுதல், சேமித்தல்

ஷார்ட்டன் கோப்புகளைப் பெரும்பாலான கைபேசிகள் இயக்காது. சரிபார்த்த பிறகு ஃபிளாக்காக மாற்றிக்கொள்ளுங்கள். ஒலியில் இழப்பே இருக்காது. பிறகு பாடல் பெயர், தேதி, இடம், ஈட்ரீ எண் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையிலேயே எழுதினால் கச்சேரிகள் தாமாகவே காலவரிசையில் அடுக்கப்படும். இயக்கும் மென்பொருள் பாடல்களுக்கு இடையே இடைவெளி விடாததாக இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நழுவிச் செல்லும் இசையில் அரை நொடி மௌனம் விழுந்தாலே அந்த இடம் கெட்டுவிடும். கணினியில் ஃபூபார்2000 இதைச் சரியாகச் செய்கிறது.

செலவு என்று பார்த்தால் மென்பொருள்களும் பதிவுகளும் இலவசம். வன்தட்டுக்குத்தான் காசு வேண்டும். ஒரு கச்சேரிக்கு 1 ஜிபி என்று வைத்தால் 1 டிபி வன்தட்டில் தொள்ளாயிரம் கச்சேரிகளாவது அடங்கும். பெரிய வன்தட்டு ஒன்றை வாங்குவதைவிடச் சிறியவை இரண்டை வாங்கி இரண்டிலும் ஒரே தொகுப்பை வைப்பதே என் பரிந்துரை. ஆண்டுக்கொருமுறை இரண்டிலும் எஃப்எஃப்பி சோதனையோடு கோப்பை முழுதும் பிரித்துப் பார்க்கும் சோதனையையும் ஓட்டுங்கள். ஒன்றில் பழுது தெரிந்தால் மற்றதிலிருந்து அந்தக் கோப்பை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

நண்பருக்குக் கொடுக்கும்போது பெயரிட்ட, வேகம் திருத்திய உங்கள் சொந்த வடிவத்தைக் கொடுக்காதீர்கள். இறக்கியபோது இருந்த மூலக் கோப்புறையை உரைக்கோப்போடும் கைரேகைக் கோப்புகளோடும் அப்படியே கொடுங்கள். திருத்திய வடிவத்தையும் கேட்டால், என்ன செய்தீர்கள், எத்தனை விழுக்காடு, எந்த மென்பொருளில், எந்தத் தேதியில் என்பதை உரைக்கோப்பின் அடியில் ஒரு வரியாகச் சேர்த்து, புதிய கைரேகைக் கோப்பையும் உருவாக்கித் தனியே கொடுங்கள்.